ஐஃபல் மலையின் எரிமலை ஏரிகள்: அம்மா அப்பாவோடு போக எது சரி?

நீங்கள் கேட்டது இதுதான்: ஜெர்மனியில் கொலோன் நகரில் வேலை. ஜூன் மாதம் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள், ஏழு வயதுப் பெண் இருக்கிறாள், கார் கிடையாது. ஐஃபல் மலைப்பக்கம் எரிமலையால் உண்டான ஏரிகள் இருக்கின்றனவாமே, ஒரே நாளில் ஐந்தாறு பார்த்துவிட முடியுமா, குளிக்கலாமா, எரிமலை என்றால் ஆபத்து இல்லையா? இதற்குக் கீழே இன்னொரு கேள்வியையும் சேர்த்திருந்தீர்கள். படத்தில் எல்லா ஏரியும் ஒரே மாதிரி வட்டமாகத்தானே இருக்கிறது, வயதானவர்களை அலைய வைக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று. நான் அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். அது தெளிந்துவிட்டால் ஐந்தாறு ஏரி என்கிற கணக்கை நீங்களே விட்டுவிடுவீர்கள்.

நான் நிலவியல் படித்தவன். பதினைந்து வருஷமாக பான் நகரில் இருக்கிறேன். மாணவர்களையும் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளையும் ஐஃபலுக்குக் கூட்டிப்போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. எரிமலைக் கண்காணிப்பு என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அத்துறைக்காரர்கள் வெளியிட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நமக்கு ஏரி என்றாலே ஒரு கரை வேண்டும், மதகு வேண்டும், உபரி நீர் போகக் கலிங்கு வேண்டும், எங்கோ மேலேயிருந்து வரத்துக்கால் வரவேண்டும். யாரோ வெட்டிக் கட்டியதுதான் ஏரி. ஐஃபலில் நீங்கள் பார்க்கப்போகும் ஏரிகளில் பலவற்றுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. வைன்ஃபெல்டர் மார் என்ற ஏரியைச் சுற்றி முழுவதும் நடந்து பாருங்கள், உள்ளே வரும் ஓடையும் இருக்காது, வெளியே போகும் ஓடையும் இருக்காது. மழையும் நிலத்தடி ஊற்றும்தான் அதை நிரப்புகின்றன, வெயிலும் கசிவும்தான் குறைக்கின்றன. மலைமேல் ஒரு குழி, அதில் தண்ணீர். அந்தக் குழியைத் தோண்டியது யார் என்பதுதான் இந்த ஊரின் கதை.

‘மார்’ என்பது அந்த வட்டார மக்களின் பேச்சுச் சொல். கடலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். ட்ரியர் நகரப் பள்ளி ஆசிரியர் யோஹான் ஷ்டைனிங்கர் 1819-இல் இந்த ஏரிகளை ஒரு தனிவகை எரிமலை என்று எழுத, உள்ளூர்ச் சொல் அறிவியல் சொல்லாயிற்று. இன்று உலகில் எங்கே இப்படி ஒரு குழி இருந்தாலும் அதற்கு மார் என்றே பெயர். ஐஃபலின் மேற்குப் பகுதியில் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை தூர்ந்து புல்வெளியாகவோ சதுப்பாகவோ மாறிவிட்டன. இன்னும் ஏரியாகத் தண்ணீர் நிற்பவை பத்துச் சொச்சம்தான்.

எரிமலை என்றதும் உயர்ந்து நிற்கும் கூம்பும், வழியும் நெருப்புக் குழம்பும் நினைவுக்கு வரும். மார் அதற்கு நேர்மாறு. கீழேயிருந்து ஏறி வரும் குழம்பு வழியில் நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால், தண்ணீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும். வெடிப்பு சுற்றியிருக்கும் பாறையை நொறுக்கி வெளியே வீசும். வீசியது விளிம்பில் வளையமாக விழும், நடுவில் பள்ளம் உண்டாகும். அடுத்தடுத்த வெடிப்புகளில் மேற்பகுதி சரிந்து குழி அகலமாகும். எல்லாம் அடங்கியபின் அதில் நீர் ஊறும். அதனால்தான் மார் சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்வாகக் கிடக்கிறது. மேட்டில் ஏறி விளிம்புக்கு வந்த பிறகுதான் தண்ணீர் தெரியும்.

இதை நீங்கள் என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். விளிம்பில் மண் வெட்டுப்பட்டுத் தெரியும் இடம் எதிலாவது நின்று கிட்டப் போய்ப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய அடுக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாக, சில இடங்களில் விரல் தடிமன்கூட இருக்காது. உதிர்ந்து கிடக்கும் ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பிட்டுப் பாருங்கள். எரிமலைக் கல் கொஞ்சம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் நகம் போன்ற தட்டையான, கூர் விளிம்புள்ள சில்லுகள். அது நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய சிலேட்டின் இனத்துக் கல்தான். சுமார் 40 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடிச் சேறாக இருந்து இறுகியது. அந்த ஊர் வீடுகளின் கூரையில் கருநீலமாக வேய்ந்திருப்பதும் சிலேட்டுதான். கீழே இருந்த தரை நொறுங்கி மேலே வந்து விழுந்திருக்கிறது என்பதற்கு இந்தச் சில்லுகளைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் பெண்ணிடம் ஒரு கட்டியைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பார்த்த பிறகு கட்டியை அங்கேயே போட்டுவிடுங்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம்.

இதில் எது உறுதி, எது இன்னும் பேச்சில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வெடித்து உண்டான குழி, நொறுங்கியது அடிப்பாறை, இவை உறுதி. வெடிப்புக்கு நீர்தான் முழுக் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஐஃபல் குழம்பில் கரியமில வாயு நிறைய. அந்த வாயுவின் பங்கும் பெரிது என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் நீர் பக்கம்தான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வயதும் அதே மாதிரி. இருப்பதில் இளையது உல்மன் ஊர் மார், சுமார் 11,000 வருஷம். ஜெர்மனியிலேயே கடைசியாக வெடித்த எரிமலை அதுதான். டௌன் என்ற ஊரை ஒட்டிய மூன்று மார்களுக்கும் இருபது முப்பதாயிரம் வருஷம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே போவது? ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் டௌன். அங்கே மூன்று மார்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன: கெமுண்டெனர் மார், வைன்ஃபெல்டர் மார், ஷால்கன்மேரன் மார். மூன்றும் ஒரே மாதிரி இல்லை, அதுதான் விசேஷம். கெமுண்டெனர் மூன்றிலும் சின்னது, ஆனால் 38 மீட்டர் ஆழம். செங்குத்தான சரிவில் மரங்கள் தண்ணீர் வரை இறங்கி நிற்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். வைன்ஃபெல்டர் 51 மீட்டர் ஆழம், கரையில் மரம் குறைவு, வெட்டவெளி. ஷால்கன்மேரன் அகலமானது, 21 மீட்டர்தான் ஆழம், கரையிலேயே கிராமம். வைன்ஃபெல்டருக்கும் ஷால்கன்மேரனுக்கும் நடுவில் இருப்பது குறுகிய ஒரு முகடு. அதன்மேல்தான் சாலை போகிறது. சாலையின் ஒரு பக்கம் போனால் ஒரு ஏரி, மறுபக்கம் போனால் இன்னொன்று. மேலே இருக்கும் வைன்ஃபெல்டரின் நீர்மட்டம் கீழே இருக்கும் ஷால்கன்மேரனைவிட அறுபது மீட்டர் வாக்கில் உயரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு தண்ணீர்.

கலக்காததால் குணமும் வேறு. ஷால்கன்மேரனைச் சுற்றி வயலும் வீடும் நெடுங்காலமாக இருப்பதால் உரச்சத்து சேர்ந்து நாணலும் பாசியும் மிகுதி. வைன்ஃபெல்டரைச் சுற்றி யாரும் இல்லை, அதனால் நீரில் சத்து குறைவு, தெளிவு அதிகம். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம்மவர்களுக்குக் கோயில் குளத்தைப் பார்த்தாலே மீனுக்குப் பொரி போடக் கை போகும். அம்மா கட்டாயம் ஒரு பொட்டலம் எடுத்து வருவார், என் அம்மாவும் எடுத்து வந்தார். இங்கே போட வேண்டாம். வெளியே போக வழியில்லாத தண்ணீர் இது. போட்டது கீழே இறங்கி மட்கி அங்கேயே கிடக்கும், பாசிக்கு உரமாகும். ஒரு பிடி பொரியால் ஏரி கெட்டுவிடாது. ஆனால் கோடையில் வருகிற எல்லோரும் ஒரு பிடி போட்டால் கெடும்.

கீழே இறங்கியது அங்கேயே கிடக்கும் என்ற இந்தக் குணம்தான் இந்த ஏரிகளை ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பொக்கிஷமாக்கியது. பக்கத்திலுள்ள ஹோல்ஸ்மார், மேர்ஃபெல்டர் மார் இரண்டின் அடிச் சேற்றிலும், வருஷத்துக்கு ஒரு ஜோடி என்று வெளிறியதும் கருத்ததுமாக மெல்லிய படிவுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கிடக்கின்றன. வசந்தத்தில் பெருகும் நுண்பாசியின் ஓடு ஒரு படிவு, குளிர்காலத்தில் இறங்கும் மக்கு இன்னொன்று. மரத்தின் வளையத்தை எண்ணுவது போல எண்ணலாம். பனியுகத்தின் கடைசிக் குளிர் எப்போது தொடங்கியது என்பதை வருஷக் கணக்கில் சொல்ல முடிந்தது மேர்ஃபெல்டர் சேற்றினால்தான்.

வைன்ஃபெல்டருக்கு இன்னொரு பெயர் டோட்டன்மார், இறந்தவர்களின் மார். பெயரைக் கேட்டு அப்பா தயங்கினால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கரையில் வைன்ஃபெல்ட் என்று ஒரு கிராமம் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயில் அழிந்துபோனது. புனித மார்ட்டின் சிற்றாலயம் மட்டும் மிஞ்சியது, அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம். ஷால்கன்மேரன் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தங்கள் வீட்டில் இறந்தவர்களை அங்கேதான் அடக்கம் செய்கிறார்கள். அதனால் அங்கே சத்தம் போடாமல் இருப்பது நல்லது, கல்லறைமேல் உட்கார்ந்து படம் எடுப்பது கூடவே கூடாது. கோடையின் தொடக்கத்தில் சரிவுகளில் மஞ்சள் பூச்செடி பூத்துக் குலுங்கும். அதை ஐஃபல் தங்கம் என்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் போனால் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

குளிப்பதைப் பற்றி. வைன்ஃபெல்டரில் இறங்கக்கூடாது, தடை. கெமுண்டெனரிலும் ஷால்கன்மேரனிலும் குளிப்பதற்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு. கில்லன்ஃபெல்ட் அருகே புல்ஃபர்மாரிலும் உண்டு. அந்த இடங்களில் மட்டும், அதுவும் திறந்திருக்கும் நாளில் மட்டும் இறங்குங்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். இவை குழிகள், கரை படிப்படியாக இறங்காது, கொஞ்ச தூரத்திலேயே கால் எட்டாமல் போகும். மேல் நீர் ஜூனில் இதமாக இருந்தாலும் சற்றுக் கீழே சட்டென்று குளிரும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு அடியில் நடுக்கோடையிலும் ஐந்தாறு டிகிரிதான். நம் ஊர் கிணற்றில் குதித்துப் பழகியவருக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. திடீரென்று மூச்சு இறுகும். அப்பா கிராமத்தில் நீந்தியவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். குழந்தைக்கு நீச்சல் தெரியாது என்றால் கை எட்டும் தூரத்தில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பாசி அதிகமாகி நீர் பச்சையாகத் திரண்டிருந்தால், அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

புல்ஃபர்மாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான். எழுபது மீட்டருக்கு மேல் ஆழம், இந்த மார்களில் மிக ஆழமானது. கிட்டத்தட்ட சுத்தமான வட்டம், சுற்றிலும் பீச் மரக்காடு. எந்த இடத்தில் நின்றாலும் முழு ஏரியும் தெரியும். ஆனால் கார் இல்லாமல் அதையும் டௌனையும் ஒரே நாளில் சேர்த்தால் பாதி நாள் பேருந்து நிறுத்தத்தில் போகும். அதை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

இரண்டாவது நாள் ஒன்று கிடைத்தால் லாஹர் ஏரி. அது ஐஃபலின் கிழக்குப் பக்கம், ரைன் நதிக்கு அருகில். கண்டிப்பான கணக்கில் அது மார் இல்லை. பெரும் வெடிப்பில் அடியில் இருந்த குழம்பு காலியாகி, மேல்தரை உள்ளே விழுந்து உண்டான பள்ளம். அந்த வெடிப்பின் சாம்பல் வடக்கே சுவீடன் வரைக்கும் தெற்கே இத்தாலியின் வடபகுதி வரைக்கும் கிடைத்திருக்கிறது. எப்போது நடந்தது என்பது நெடுநாள் விவாதம். 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, வெடிப்பில் புதைந்த மரங்களின் வளையங்களை வைத்து, 1950-ஐ அடிப்படையாகக் கொண்டு 13,006 வருஷங்களுக்கு முன்பு என்றது. ஒன்பது வருஷம் முன்பின் இருக்கலாம். அதற்கு முன் சொல்லி வந்த கணக்கைவிட இது நூறு வருஷத்துக்கு மேல் பழையது.

உங்கள் பெற்றோருக்கு லாஹர் ஏரிதான் அதிகம் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையில் மரியா லாஹ் மடம் இருக்கிறது. 1093-இல் தொடங்கியது, ஆறு கோபுரமுள்ள தேவாலயம். இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், உட்கார இடமும் சாப்பிட இடமும் உண்டு. நம் ஊர் ஆளுக்கு அங்கே இன்னொரு சுவாரஸ்யம். இந்த ஏரிக்கும் இயற்கையாக வெளியேறும் வழி கிடையாது. தண்ணீர் ஏறி மடத்தை நெருங்கவே, 12-ஆம் நூற்றாண்டில் ஃபுல்பெர்ட் என்ற மடத்தலைவர் காலத்தில் மலையைக் குடைந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் சுரங்க வாய்க்கால் வெட்டினார்கள். 1840-களில் இன்னும் தாழ்வாக மற்றொன்று வெட்டி நீர்மட்டத்தைப் பல மீட்டர் இறக்கினார்கள். அப்பா விவசாயம் பார்த்தவர் என்றால் ஏரிக்கு மதகு வைத்த இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஏரியின் கிழக்குக் கரைக்கு நடந்தால் தண்ணீரில் குமிழிகள் தெரியும். காற்றில்லாத காலையில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். அடிக்கல்லின் இடுக்கிலிருந்து மணி கோத்தது போல ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து, மேலே வந்ததும் சோடா போல மெல்லச் சீறி உடையும். அது கரியமில வாயு, கீழே ஆழத்தில் உள்ள குழம்பிலிருந்து வருவது. திறந்த கரையில் நின்று பார்ப்பதில் பயமில்லை. ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அந்தப் பக்கத்தில் தரைக்குழிகளில் குழந்தையைக் குனிந்து முகம் வைக்க விடாதீர்கள், நாயையும் விடாதீர்கள். 1986-இல் கேமரூன் நாட்டு நியோஸ் ஏரி கரியமில வாயுவைக் கக்கி ஆயிரத்து எழுநூறு பேர் வரை இறந்தார்களே, அது இங்கே நடக்குமா என்று சிலர் கேட்பார்கள். நியோஸில் அடிநீர் மேலே வராமல் தேங்கியதால் வாயு சேர்ந்தது. லாஹர் ஏரி குளிர்காலத்தில் மேலும் கீழும் புரண்டு கலந்துவிடுகிறது, வாயு அவ்வப்போது வெளியேறிவிடுகிறது.

எரிமலை மறுபடி வெடிக்குமா? அணைந்துவிட்டது என்று பொறுப்புள்ள யாரும் சொல்வதில்லை, தூங்குகிறது என்றுதான் சொல்கிறார்கள். லாஹர் ஏரிக்குக் கீழே 10 முதல் 40 கிலோமீட்டர் வரையிலான ஆழத்தில், குழம்பு நகர்வதன் அறிகுறியாகக் கொள்ளக்கூடிய சிறு நில அதிர்வுகள் 2013 முதல் பதிவாகியிருப்பதாக 2019-இல் ஆய்வு வந்தது. உடனடி வெடிப்புக்கு அறிகுறி இல்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் சேர்த்தே சொன்னார்கள். ஒரு நாள் போய்வருவதற்கு அதை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. அங்கே உண்மையில் கவனிக்க வேண்டியது குளிர்ந்த தண்ணீரையும் மழைக்குப்பின் வழுக்கும் பாதையையும்தான்.

இனிப் பயணம். கொலோனிலிருந்து கெரோல்ஷ்டைனுக்கு ரயில், சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து டௌனுக்குப் பேருந்து. உங்களிடம் இருக்கும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இரண்டிலும் செல்லும், பெற்றோருக்குத் தனியாக எடுக்க வேண்டும். 2021 ஜூலை வெள்ளத்தில் அந்த ரயில்பாதை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. சீரமைப்பு, மின்மயமாக்கல் என்று அடிக்கடி ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறார்கள். முந்தின நாள் மாலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமையோ வேலைநாளோ பாருங்கள். கிராமப்புறப் பேருந்து ஞாயிறன்று அபூர்வம், சிலது முன்கூட்டியே போன் செய்து பதிவு செய்தால்தான் வரும். எனக்கு முதல் வருஷம் இது தெரியாது. அறுபது வயது தாண்டிய என் மாமாவோடு ஞாயிறு மாலை வராத பேருந்துக்காக ஒன்றரை மணி நேரம் தூறலில் நின்றேன். இன்னும் அது மனதில் உறுத்துகிறது.

டௌனில் இறங்கியதும் ஒரு டாக்ஸி பிடித்து நேராக வைன்ஃபெல்டர் முகட்டில் இறங்குங்கள், ஏற்றம் மிச்சம். சிற்றாலயத்தைப் பார்த்துவிட்டு ஏரியை ஒரு சுற்று, பெற்றோர் நடையில் ஒரு மணி நேரம். பிறகு மெல்ல ஷால்கன்மேரனுக்கு இறக்கம், அங்கே குழந்தை தண்ணீரில் விளையாடட்டும். கால்வலி இல்லையென்றால் கெமுண்டெனரைத் திரும்பும் வழியில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். கிராமத்து உணவகங்கள் மதியத்துக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு, சைவத்துக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஜூன் என்றாலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு மீட்டர் உயரம், மாலைக் காற்று சில்லென்று இருக்கும்.

ரூர்சே ஏரியும் ஐஃபலில்தானே, அது பக்கமாச்சே என்றும் கேட்டிருந்தீர்கள். அது அணைக்கட்டு, 1930-களில் கட்டத் தொடங்கியது. படகுச் சவாரிக்கு நல்ல இடம், குழந்தைக்குப் பிடிக்கும். எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே நிறுத்தத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்துவிட்டால் பேருந்து போய்விடும்.